செத்த ஆக்களைப் பார்த்துச் சிரிக்கிறது: ஸொம்பிக் கொமெடியின் கதை

1932இல் வெளியான 'வைட் ஸொம்பி' படத்தில் ஒரு கரும்பாலைக் காட்சி வரும். ஹெயிட்டியிலுள்ள அந்த ஆலையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் செத்தபிறகு எழுப்பப்பட்ட ஆக்கள். கூடைகளைச் சுமந்துகொண்டு வரிசையாக வருகிறார்கள். ஒருவர் தடுமாறி அரைக்கிற இயந்திரத்துக்குள் விழுந்துவிடுகிறார். கத்தல் இல்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இயந்திரம் பாட்டுக்குச் சுத்திக்கொண்டே இருக்கிறது. ஆலையை நடத்துபவராக வரும் பெலா லுகோஸி, இவர்கள் விசுவாசமாக வேலை செய்வார்கள், எத்தனை மணித்தியாலம் எண்டாலும் கவலைப்பட மாட்டார்கள் என்று விளக்கம் சொல்கிறார்.

இதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் 8 வருசம் கழித்து ஹொலிவூட் ஸொம்பியை வைத்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டது. இன்றைக்கு ஸொம்பிக் கொமெடி ஒரு தனி வகையாகவே நிக்குது. பயமும் சிரிப்பும் எப்படி ஒன்றாகச் சேர்ந்தன என்பது ஒரு கேள்வி. நாங்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

முதலில் ஹெயிட்டிக்குப் போவோம். அது பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தார்கள். 1791இல் கிளர்ச்சி வெடித்தது, 1804இல் நாடு சுதந்திரம் அடைந்தது. அடிமையாக இருந்தவருக்குச் சாவு ஒரு விடுதலை. செத்தால் உயிர் ஆபிரிக்காவுக்குத் திரும்பிப் போகும் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த விடுதலையும் கிடைக்காமல், செத்தபிறகும் ஒரு எசமானுக்கு உழைத்துக்கொண்டிருப்பவர்தான் ஸொம்பி. அதாவது 'ஸொம்பி வந்து என்னைக் கடிச்சிடும்' என்பது ஹெயிட்டி மக்களின் பயமில்லை. 'என்னை ஸொம்பி ஆக்கிப்போடுவாங்கள்' என்பதுதான் பயம்.

1915 முதல் 1934 வரை ஐக்கிய அமெரிக்காவின் படை ஹெயிட்டியைக் கைப்பற்றி வைத்திருந்தது. வீதி போடுவதற்கு மக்களைப் பலவந்தமாக வேலைக்குப் பிடித்தது. அந்தக் காலத்தில் அங்கே போன வில்லியம் சீபுரூக் 1929இல் எழுதிய 'த மஜிக் ஐலண்ட்' என்ற பயண நூல்தான் ஸொம்பியை அமெரிக்க வாசகர்களிடம் பரவலாகக் கொண்டுபோனது. 'வைட் ஸொம்பி' வந்தபோது ஆக்கிரமிப்பு முடிந்திருக்கவில்லை. ஆனால் படம் கவலைப்படுவது ஒரு வெள்ளைக்கார மணப்பெண்ணைப் பற்றி. ஆலைத் தொழிலாளர்கள் பின்னணிக் காட்சியாக மாறிவிட்டார்கள்.

1940இல் வந்த 'த கோஸ்ட் பிரேக்கர்ஸ்' கியூபாவில் நடக்கும் கதை. சொந்தப் புத்தி இல்லாமல், சொன்னதைச் செய்துகொண்டு, வெறித்த கண்ணோடு திரிகிறவர்கள்தான் ஸொம்பிகள் என்று ஒருவர் விளக்க, பொப் ஹோப் 'ஜனநாயகக் கட்சிக்காரரைப் போலவோ' என்று கேட்பார். ஸொம்பியை வைத்து அரசியல் பகிடி விடுவது அவ்வளவு பழசு. ஆனால் இந்தக் காலத்துப் படங்களில் கூடுதலான சிரிப்பு வேறொரு இடத்திலிருந்துதான் வருகிறது. கறுப்பின வேலைக்காரர் கண்ணை உருட்டிப் பயப்படுவதுதான் பகிடி. 'த கோஸ்ட் பிரேக்கர்ஸி'ல் வில்லி பெஸ்ட்டும் 1941இல் வந்த 'கிங் ஒஃப் த ஸொம்பீஸி'ல் மான்டன் மோர்லண்டும் அந்த வேலையைத்தான் செய்ய வேண்டியிருந்தது. அடிமைகளின் பயத்தைக் கடன் வாங்கி, அடிமைகளின் சந்ததியையே கோமாளியாக்கிய சிரிப்பு அது. ஆனாலும் மோர்லண்டை இன்றைக்குத் திரும்பப் பாருங்கோ. அந்தத் தீவில் நடப்பதைச் சரியாகக் கண்டு சொல்கிறவர் அவர்தான். அவருடைய வெள்ளை எசமான்கள்தான் நம்ப மறுக்கிறார்கள்.

ஸொம்பி ஏன் இவ்வளவு லேசாகச் சிரிப்புக்குள் வருகிறது? பிரெஞ்சு மெய்யியலாளர் ஹென்றி பேர்க்சன் 1900இல் சிரிப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மனிதர் உயிருள்ளவராக வளைந்து கொடுக்காமல் இயந்திரம் போல நடக்கும்போது சிரிப்பு வருகிறது என்பது அவருடைய வாதம். சிரிக்கிற அந்தக் கணத்தில் இதயம் கொஞ்சம் மரத்துப்போக வேண்டும் என்றும் சொல்கிறார். ஸொம்பி இந்த இரண்டுக்கும் பொருந்துகிறது. அது இயந்திரமாக நடக்கிற மனித உடல். அது ஏற்கனவே செத்ததால் அதற்காக இரங்கத் தேவையில்லை. கையை வெட்டினாலும், தலையில் அடித்தாலும் குற்றவுணர்வு இல்லாமல் சிரிக்கலாம். ஆனால் ஒரு கூட்டத்தை 'இதுகள் மனுசரே இல்லை' என்று முடிவுகட்டிவிட்டால் பிறகு என்னவும் செய்யலாம் என்ற எண்ணம் படத்துக்கு வெளியிலும் இருக்குதானே. இந்த வகைப் படங்களின் ஆபத்து அங்கேதான் கிடக்கு.

இதை நன்றாக விளங்கி வைத்திருந்தவர் ஜோர்ஜ் ரொமேரோ. 1968இல் அவர் எடுத்த 'நைட் ஒஃப் த லிவிங் டெட்' படத்தில் 'ஸொம்பி' என்ற சொல்லே வராது. அதில் எசமானும் இல்லை, தோட்டமும் இல்லை. பிணங்கள் தாங்களாகவே எழும்பி மனிதரைத் தின்கின்றன. டுவேன் ஜோன்ஸ் நடித்த கறுப்பினக் கதாநாயகன் இரவு முழுக்கப் போராடித் தப்புகிறான். விடிந்ததும் துப்பாக்கியோடு வந்த வெள்ளையர் கூட்டம் அவனையும் ஒரு பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. யார் மனிதர், யார் பிணம் என்று முடிவெடுப்பது யார் என்ற கேள்வியோடு படம் முடிகிறது.

பத்து வருசம் கழித்து, 1978இல், 'டோன் ஒஃப் த டெட்'. பென்சில்வேனியாவின் மன்ரோவில் கடைத்தொகுதியில் இரவுகளில் படமாக்கப்பட்டது. செத்த ஆக்கள் பழக்கதோசத்தில் கடைகளுக்கு வந்து, நகரும் படிக்கட்டில் தடுமாறி விழுகிறார்கள். பின்னணியில் கடைகளில் போடுகிற மெல்லிய இசை. மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்று வந்து ஸொம்பிகளின் முகத்தில் கேக் அடித்து விளையாடுகிறது. ஊமைப்படக் காலத்துப் பழைய பகிடி. கொஞ்ச நேரத்தில் அதே கும்பலில் ஒருவன் இரத்த அழுத்தம் பார்க்கிற இயந்திரத்தில் கையை விட்டபடி இருக்கும்போது அவனை இழுத்துக்கொண்டு போகிறார்கள். கை மட்டும் இயந்திரத்தில் மிஞ்சுகிறது. சிரிப்புத் தொடங்குவதும் உறைவதும் ஒரே காட்சியில். இங்கே நாங்கள் சிரிப்பது எங்களைப் பார்த்துத்தான்.

1985இல் டான் ஓபெனன் எடுத்த 'த ரிட்டேர்ன் ஒஃப் த லிவிங் டெட்' ஸொம்பியைப் பேச வைத்தது. மருத்துவ உதவியாளர்களைத் தின்று முடித்த ஒரு ஸொம்பி, அம்புலன்ஸ் வானொலியில் இன்னும் ஆக்களை அனுப்பச் சொல்லிக் கேட்கும். வயிறு குலுங்கச் சிரிக்கலாம். ஆனால் அதே படத்தில், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு பிணம், தாங்கள் ஏன் மூளை தின்கிறோம் என்று சொல்கிறது: செத்திருப்பது வலிக்கிறதாம், அந்த வலி அப்போதுதான் குறையுமாம். அதுவரை மரத்திருந்த எங்கட இதயத்தை ஒரு பிணம் வந்து தட்டி எழுப்பிவிடுகிறது.

1992இல் நியூஸிலாந்தில் பீற்றர் ஜக்சன் எடுத்த 'பிரெயின்டெட்' வேறு பாதையில் போனது. புல்வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு அப்பாவிப் பையன் பிணக்கூட்டத்துக்குள் நடக்கிறான். இரத்தம் அளவுக்கு மிஞ்சிப் போனதும் அது இரத்தமாகவே தெரியவில்லை. வெறும் சிவப்புத் தண்ணி விளையாட்டாகிவிடுகிறது.

பிறகு 2004இல் எட்கார் ரைட்டும் சைமன் பெக்கும் சேர்ந்து எழுதிய 'ஷோன் ஒஃப் த டெட்'. ஷோன் காலையில் தூக்கக் கலக்கத்தோடு கடைக்குப் போய்வருகிறான். ஊரே செத்து எழும்பியிருப்பதை அவன் கவனிக்கவில்லை. ஏனெண்டால் நேற்று உயிரோடு இருந்தபோதும் அந்தத் தெரு அப்படித்தான் இருந்தது. பகிடி முழுக்க அந்தப் பார்வையில்தான். ஆனால் கடிபட்ட தன் தாயைத் தானே சுட வேண்டி வரும்போது படம் எந்தப் பகிடியும் விடுவதில்லை. ஸொம்பிக்கும் ஒரு பெயரும் ஒரு மகனும் இருக்கிறதென்று அங்கே ஒத்துக்கொள்கிறது.

அந்தப் படத்தின் கடைசியில் தொலைக்காட்சிச் செய்திகளாக ஒரு பகுதி ஓடும். மிஞ்சிய ஸொம்பிகளைச் சங்கிலி போட்டு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். சுப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டி அடுக்குகிறார்கள். சம்பளம் இல்லை, முறைப்பாடும் இல்லை. தியேட்டரில் எல்லோரும் சிரிக்கிற இடம் அது. 1932இன் கரும்பாலை 72 வருசம் கழித்துத் திரும்ப வந்திருக்கிறது. இந்தமுறை பகிடியாக.

எங்கட பேய்க் கொமெடிகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) படங்களில் கதாநாயகன் பயப்படுவது பகிடி. ஆனால் பேய்க்கு ஒரு பெயர் இருக்கிறது, நடந்த அநியாயத்தைச் சொல்ல ஒரு வாய் இருக்கிறது. பாதிப் படத்துக்குப் பிறகு சிரிப்பை நிறுத்திப்போட்டு அதன் கதையைக் கேட்டே ஆகவேண்டும். ஸொம்பியிடம் யாரும் கதை கேட்பதில்லை. அதன் வாயை அடைத்தது ஒரு தோட்டமும் ஒரு சாட்டையும் என்பது வரலாறு. நல்ல ஸொம்பிக் கொமெடிகள் சிரிக்க வைத்து முடிந்தபிறகாவது அந்த வாயைக் கொஞ்சம் திறந்துவிடுகின்றன. மற்றவை இன்னும் கரும்பு அரைத்துக்கொண்டிருக்கின்றன.