புலான் மறுத்த பெரியோர்

தொண்டைநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 32. அவற்றுள் இறுதியில் வைத்து எண்ணப்பெறும் திருவக்கரை, திருவரசிலி, திருஇரும்பைமாகாளம் என்னும் மூன்றும் வானூரைச் சூழ்ந்த நிலத்திலே உள்ளன. மூன்றும் திருஞானசம்பந்தரால் பாடப்பெற்றவை. அங்கு நின்று மேற்கே விழுப்புரத்தைக் கடந்து செல்லின், நடுநாட்டுத் தலங்களாகிய திருவாமாத்தூரும் திருவெண்ணெய்நல்லூரும் எதிர்ப்படும். இவ்வாறு இரு நாடுகள் தம்முள் எல்லை கலக்கும் இந்நிலப்பகுதி, சைவ வரலாற்றில் மட்டுமன்றிப் புலான் மறுத்தலின் வரலாற்றிலும் தனக்கென ஓர் இடம் உடையது.

‘சைவம்’ என்னும் சொல் இன்று தமிழ்நாட்டில் இரு பொருள் தருகின்றது. ஒன்று, சிவபெருமானை முழுமுதலாகக் கொண்ட சமயம்; மற்றொன்று, ஊன் கலவாத உணவு. கடைத்தெருவில் வழங்குவது பெரிதும் பின்னைய பொருளேயாம். ஒரு சமயத்தின் பெயர் உணவிற்குப் பெயராதல் அச்சமயத்திற்குப் பெருமையோ, அன்றி அதன் விரிந்த பொருளை ஓர் இலையளவிற்குச் சுருக்கிய குறையோ என்பது ஆராயத்தக்கது. இதனைத் தெளிதற்குப் புலாலை மறுத்தோர் யாவர், எக்காரணம்பற்றி மறுத்தார் என்று வரலாற்றுமுறையில் நோக்குதல் வேண்டும்.

முதற்கண் ஓர் உண்மையை உள்ளவாறே ஏற்றல் கடன். இந்நிலத்துப் பழங்குடிகள் தொன்றுதொட்டே புலால் நீத்தவர் அல்லர். திண்டிவனத்தை அடுத்த கிடங்கிலைத் தலைநகராகக் கொண்டு ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடன்மீது நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, பத்துப்பாட்டுள் ஒன்று. அவனை நாடிச் செல்லும் பாணர்க்கு வழியில் கிடைக்கும் விருந்துகளை அந்நூல் நிலத்திற்கேற்ப வகுத்துரைக்கின்றது. கடற்கரை எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும், வேலூரில் எயினர் மகளிர் அளிக்கும் புளிங்கறியிட்ட சோற்றொடு ஆமான் சூடும், ஆமூரில் உழவர் மனையில் வெண்சோற்றொடு நண்டின் கறியும் கிடைக்கும் என்பது அந்நூற் செய்தி. உழவரும் பரதவரும் வேட்டுவரும் ஆகிய மூவகையார் மனையிலும் விருந்தென்பது புலாலொடு கூடியதாகவே இருந்தது.

ஆகலின் இந்நாட்டில் ஊன் நீத்தார் வரலாறு பிறப்புவழி வந்த வழக்கத்தின் வரலாறு அன்று. தெரிந்து மேற்கொண்ட விரதத்தின் வரலாறேயாகும். திருவள்ளுவர் தம் 26ஆம் அதிகாரத்திற்கு ‘உண்ணாமை’ என்று பெயரிடாது ‘புலான்மறுத்தல்’ என்று பெயரிட்டமை ஈண்டுக் கருதற்பாலது. உண்ணாமை என்பது கிடையாமையாலும் நிகழும், நோயாலும் நிகழும், குல வழக்காலும் நிகழும். மறுத்தல் என்பதோ, எதிரே வந்ததனை அறிவால் ஆராய்ந்து ‘வேண்டா’ என விலக்குதலாம். மறுப்பவன் ஒருவன் இருந்தாலன்றி மறுத்தல் இல்லை.

இந்நிலத்தில் அவ்வாறு மறுத்தோருள் காலத்தால் முற்பட்டவராகச் சான்றுடன் அறியப்படுவோர் சமண முனிவர். செஞ்சிக்கு அணித்தாகிய திருநாதர்குன்றில் தீர்த்தங்கரர் 24 பேரின் உருவங்கள் ஒரே பாறையிற் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள பழைய கல்வெட்டொன்று சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்த செய்தியைக் கூறுகின்றது. தமிழ்ச் சமணர்தம் திருமடம் இன்றளவும் இப்பகுதியிலுள்ள மேல்சித்தாமூரிலேயே நிலவுகின்றது. கொல்லாமையை அறத்தின் தலையாக வைத்து, உண்ணும் பொருள் மட்டுமன்றி உண்ணும் காலத்தையும் வரையறுத்து ஒழுகிய அப்பெரியோரின் உறுதி எச்சமயத்தாரும் மதிக்கத்தக்கதே.

இதனைக் கொண்டு, ‘புலான் மறுத்தல் சமணருடையது, சைவர் அதனைக் கடன் வாங்கினர்’ என்று உரைப்பாரும் உளர். அறத்திற்கு உரிமை கொண்டாடுதல் எச்சமயத்தார்க்கும் அழகன்று. நல்லதனை எங்கிருந்து பெறினும் இழுக்கில்லை. ஆயினும் இரு சமயமும் ஒரே ஒழுக்கத்திற்கு வெவ்வேறு அடிநிலை காட்டுகின்றன என்பதனை மறத்தலாகாது. சமணர்க்கு உயிர் தன் முயற்சியாலேயே வினையை உதிர்ப்பது. கொலை அவ்வினையைப் பெருக்குவது. ஆதலின் அது விலக்கத்தக்கது. திருவெண்ணெய்நல்லூரில் விளங்கிய மெய்கண்டாரும் அவர்வழி வந்த அருணந்தி சிவாசாரியாரும் வகுத்த சித்தாந்தத்திலோ, உயிர்கள் எண்ணில. அனைத்தும் என்றும் உள்ளன. அவை புழுவாகவும் புள்ளாகவும் விலங்காகவும் மக்களாகவும் பிறப்பது வினைக்கேற்ப உடல் மாறும் வேறுபாடேயன்றி உயிரின் இயல்பில் உள்ள வேறுபாடு அன்று. ‘பசு’ என்னும் ஒரே பெயர் ஆட்டிற்கும் அதனை அறுப்பானுக்கும் ஒப்ப உரியது. அவ்விரண்டு உயிரிலும் உயிர்க்குயிராய் நிற்பவன் இறைவன் ஒருவனே. எனவே சைவன் புலால் மறுப்பது, தன் வினைக்கணக்கை அஞ்சி மட்டும் அன்று. இறைவன்பால் வைத்த அன்பு அவன் நிறைந்துள்ள உயிர்கள்மேலும் சென்று பாய்தலால் என்க. திருமூலர் தம் திருமந்திரத்து முதல் தந்திரத்திலேயே கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் தனித்தனித் தலைப்பிட்டு ஓதியதும் இக்கருத்துப்பற்றியேயாம்.

இனி, எழத்தக்க பெருந்தடை ஒன்று உண்டு. புலால் மறுத்தல் சைவத்திற்கு உயிர்நிலையாயின், பன்றியின் ஊனைச் சுட்டுப் படைத்த கண்ணப்பரை அச்சமயம் நாயன்மார் வரிசையில் வைத்து வணங்குவது எங்ஙனம்? இத்தடையை மறைத்துச் செல்லுதல் நேர்மையன்று. சேக்கிழார் அதனை மறைக்கவும் இல்லை. ஆகம வழிநின்ற சிவகோசரியார் ஊன் கிடப்பது கண்டு நடுங்கியதனையும், இறைவன் அவர் கனவில் தோன்றி வேடரின் அன்பைக் காண ஒளிந்து நிற்குமாறு பணித்ததனையும் அவர் விரித்துரைக்கின்றார். ஆயின், இனி நீயும் ஊன் படைப்பாய் என்று சிவகோசரியாரை இறைவன் ஏவவில்லை. அவர்க்குக் காட்டியது அன்பின் அளவு. பூசைக்குரிய பொருளை மாற்றியது அன்று. மேலும், கண்ணப்பர் முன்னைய நாள்களிற் படைத்தது பிற உயிர்களின் ஊன். ஆறாம் நாளில் அவர் கொடுத்தது தம் கண். இறைவன் கை நீட்டித் தடுத்தருளியது அவர் தம் ஊனையே ஈயத் துணிந்த அவ்வேளையில். பிறிதோர் உயிரைக் கொன்று ஈதலினின்றும் தன்னையே ஈதலாகிய நிலைக்கு அன்பு முதிர்ந்த வரலாறாக அதனைக் கொள்ளின், புலாலுண்பார்க்குச் சான்றாக அதனை எடுத்தாளுதல் பொருந்தாமை விளங்கும். ஊன் உண்ணாமை ஒன்றே கொண்டு, அன்பிற் சிறந்த வேடரினும் தம்மை உயர்ந்தோராகக் கருதுவாரை அவ்வரலாறு நாணச்செய்யும் என்பதும் உடன் விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய தென்னார்க்காட்டு மாவட்டம் ஒரே காலத்தில் இரு பெரியோரை இவ்வறத்திற்குப் பெற்றது. ஒருவர் திருவருட்பிரகாச வள்ளலாராகிய இராமலிங்க அடிகள். 1823ஆம் ஆண்டு மருதூரில் தோன்றிய அவர், 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையையும் 1872இல் சத்திய ஞானசபையையும் நிறுவி, 1874இல் மேட்டுக்குப்பத்தில் சித்தி பெற்றார். உயிர்க்கொலையும் புலாலும் நீங்கியோரை அகவினத்தார் என்றும் நீங்காதோரைப் புறவினத்தார் என்றும் அவர் பிரித்தார். பிறப்பால் வரும் சாதிப்பிரிவை அறவே தள்ளிய ஒருவர், ஒழுக்கத்தால் வரும் இப்பிரிவு ஒன்றனையே கொண்டார் என்பது உன்னத்தக்கது. அவ்வாறு பிரித்தவரே, பசித்து வந்தார்க்கு உணவிடும்போது அவர்தம் தேசம், சமயம், சாதி, ஒழுக்கம் எதனையும் வினவலாகாது என்றும் விதித்தார். புலால் மறுத்தல் என்பது உயிர்கள்மேற் செல்லும் இரக்கத்தின் கிளை. அக்கிளையைக் கொண்டு பசித்த மனிதனை அடித்து விரட்டின், அடிமரத்தையே வெட்டியதாகும் என்பது அவர் கருத்தின் சாரம்.

‘மரஞ்செடிகளும் உயிருடையன அல்லவோ, அவற்றை உண்பது மட்டும் கொலையாகாதோ’ என்று வினவுவார்க்கும் அவர் சீவகாருணிய ஒழுக்கத்தில் விடையிறுத்துள்ளார். அவ்வுயிர்கள் ஊற்றுணர்வு ஒன்றே சிறிது விளங்கப்பெற்றவை. வித்தும் காயும் கனியும் இலையும் கொள்ளுதல் அவற்றை வேரொடு அழித்தல் அன்று. நகமும் மயிரும் களைதல்போல்வது என்பது அவ்விடையின் போக்கு. உணவின்றி உடல் நில்லாத உலகில், துன்பத்தை இயன்ற அளவு குறைத்து வாழ்தலே அறம் என்னும் தெளிவு அதில் உள்ளது.

மற்றொருவர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள். 1839இல் திருநெல்வேலியிற் பிறந்து சங்கரலிங்கம் என்னும் இளமைப் பெயர் பூண்ட இவர், முருகதாசர் எனவும் திருப்புகழ்ச் சுவாமிகள் எனவும் வழங்கப்பெற்றார். புலவர் புராணம், அறுவகை இலக்கணம், தம் வரலாறு கூறும் குருபர தத்துவம் முதலாகப் பல்லாயிரம் பாடல் இயற்றிய இவர், நாடெங்கும் திரிந்து இறுதியில் விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் கௌமார மடம் அமைத்து உறைந்து, 1898இல் அங்கேயே நிறைவெய்தினார். அறுசமயத் தெய்வங்களையும் ஒப்பப் போற்றிய இவர், கொலை புலை என்னும் இரண்டனிடத்து மட்டும் விட்டுக்கொடாதவராய், அவற்றைத் தம் பாடல்களில் மீண்டும் மீண்டும் கடிந்தார்.

இவர்தம் நிலையின் அருமை, இவர் முருகனடியார் என்பதனை நோக்கின் நன்கு புலப்படும். திருமுருகாற்றுப்படையுள் மலைவாணர் எடுக்கும் வெறியாட்டில் கிடாயின் குருதி கலந்த அரிசி பலியாகத் தூவப்படுகின்றது. முருக வழிபாட்டின் தொன்மை மரபில் உயிர்ப்பலிக்கு இடம் இருந்தமை அதனால் தேற்றம். அத்தெய்வத்தையே குலதெய்வமாகவும் குருவாகவும் கொண்ட ஒருவர், ‘இது முன்னோர் வழக்கு’ என்று அமையாது, தெய்வத்தின் அருளியல்பை அளவுகோலாக வைத்து வழக்கைத் திருத்த முற்பட்டார். அவர் உறைவிடமாக விரும்பிய தலமும் இதற்கு இயைந்ததே. கொம்பின்றிப் படைக்கப்பட்ட ஆனினங்கள், கொடுவிலங்குகளினின்றும் தம்மைக் காத்தற்பொருட்டுச் சிவபெருமானை வழிபட்டுக் கொம்பு பெற்ற இடம் திருவாமாத்தூர் என்பது தலபுராணம். வாயற்ற உயிர்கள் முறையிட்டு அருள்பெற்ற ஊரில், அவற்றின்பொருட்டு வாதாடிய புலவர் அடங்கியிருத்தல் பொருத்தமுடைத்து.

இவர்கட்குச் சமகாலத்தவராகிய யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879), 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சிறுவர்க்கென எழுதிய பாடநூல்களிலேயே புலாலுண்ணலைப் பாவமென விளக்கி, கோயில்களில் நிகழ்ந்த உயிர்ப்பலியையும் அஞ்சாது கண்டித்தார். வள்ளலார்க்கும் நாவலர்க்கும் வேறு பொருள்களில் கடுமையான மாறுபாடு இருந்தமை யாவரும் அறிந்ததே. அத்துணை மாறுபட்ட இருவரும் இவ்வொன்றில் ஒன்றுபட்டு நின்றமை இவ்வறத்தின் வலிமைக்குச் சான்றாகும்.

பிற நாடுகளிலும் இவ்வாறு மறுத்தோர் உளர். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க ஞானி பித்தகோரர், உயிர் உடல்விட்டு உடல் மாறும் என்னும் கொள்கையுடையவர். அடிபட்ட நாயின் குரலில் இறந்த நண்பனின் உயிரை உணர்ந்து அடித்தானைத் தடுத்தார் என்று அவரைப்பற்றிப் பழங்கதை உண்டு. ஊன் உண்ணாதாரை ஐரோப்பியர் நெடுங்காலம் பித்தகோரர் வழியினர் என்றே வழங்கினர். 1847இல் இங்கிலாந்தில் தனிச்சங்கம் தோன்றிய பின்னரே வேறு பெயர் பரவலாயிற்று. ஈண்டு ஒரு சமயத்தின் பெயர் உணவிற்கு ஆயினவாறே, ஆண்டு ஒரு தத்துவ ஆசிரியர் பெயர் ஆயிற்று. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த போர்பிரி என்பார், விரதத்தைக் கைவிட்டு மீண்டும் ஊனுண்ணத் தொடங்கிய நண்பர் ஒருவரை முன்னிலைப்படுத்தி ஊன் விலக்கலைப்பற்றி நான்கு பகுதியுடைய நூல் செய்தார். சிரியா நாட்டுக் கண்ணிழந்த அரபுக் கவிஞர் அபுல் அலா அல் மஆரி (973–1057), தம்மைச் சூழ்ந்தார் ஒருவரும் மேற்கொள்ளாத நிலையிலும் ஊனேயன்றிப் பாலும் முட்டையும் தேனும் விலக்கி வாழ்ந்தார். இவருள் எவர்க்கும் இவ்வொழுக்கம் குலவழக்கால் வந்ததன்று. நெஞ்சில் எழுந்த இரக்கமும் அறிவின் தெளிவும் கொடுத்தது.

சட்டத்தால் இவ்வறத்தை நாட்டலாமோ எனின், தமிழகத்தின் அண்மைக்கால வரலாறே விடை தருகின்றது. கோயில்களில் விலங்கும் பறவையும் பலியிடுதலைத் தடுக்கும் சட்டம் 1950இல் இயற்றப்பட்டது. நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்த அது, 2003இல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முயன்றபோது எதிர்ப்பைப் பெற்று, 2004இல் நீக்கப்பட்டது. ஆணையால் கைகளைத் தடுக்கலாம். நெஞ்சத்தை நெகிழ்விக்க இயலாது. நெகிழாத நெஞ்சுடையார் கத்தியைச் சிறிதுகாலம் மறைத்து வைப்பரேயன்றிக் கீழே போடார்.

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன இவை: புலான் மறுத்தல் இந்நாட்டில் பிறப்புரிமையாக வந்ததன்று; ஒவ்வொருவரும் தாமே ஆராய்ந்து கொண்டது. அதற்கு வேர், எவ்வுயிரும் தன்னுயிர்போன்றதே என்னும் உணர்வு. அவ்வேரை விட்டு, ‘எங்கள் குலத்தார் உண்ணார், ஆதலின் யாம் உயர்ந்தோம்’ என்று அயலான் உண்கலத்தை இகழ்வார்பால் உள்ளது சைவ உணவேயன்றிச் சைவம் அன்று. ஊன் கலவாத இலையின்முன் அமர்ந்தும், அருகே பசித்திருப்பானை நோக்காது உண்பவன், வள்ளலார் வகுத்த இலக்கணத்தில் பாதியையே கற்றவனாவன். சமயத்தின் பெயர் உணவிற்கு ஆயினமை பெருமையோ குறையோ என்னும் வினாவிற்கு விடையும் இதுவே: உண்பார்தம் உள்ளத்தில் அருள் இருப்பின் அது பெருமை, இன்றேல் குறை. இலையில் தொடங்கிய மறுப்பு உள்ளத்தில் அருளாக முதிர்தல் வேண்டும்; அம்முதிர்ச்சிக்கு இறைவன் திருவருள் துணைநிற்பதாக.