கிளுவை வேலி

2017 ஜனவரியில் சென்னை மெரினாவில் கூடிய இளைஞர்களில் பலர் காளைப் படம் போட்ட பனியன் அணிந்திருந்தார்கள். அவற்றில் பாதியாவது எங்கள் திருப்பூரில் தைத்ததாக இருக்கும் என்பது என் ஊகம். அந்தக் காளை எதைத் தின்று வளர்ந்தது என்று மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அது கொறங்காட்டில் மேய்ந்து வளர்ந்தது. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரத்தாருக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வானம் பார்த்த சரளை நிலம். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேல மரங்களும். கிளுவைக் கொம்பை வெட்டி ஊன்றினால் போதும், துளிர்த்துக்கொள்ளும். புல் கோடையில் சருகாகி, ஒரு மழை பெய்தால் மறுபடி தலைதூக்கும். அது இல்லாத மாதங்களில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆடு மாடுகளின் பசியைத் தணிக்கும். நிலத்தைத் துண்டு துண்டாக அடைத்து, ஒன்றை மேயவிட்டு மற்றதை ஆறப்போடுவார்கள். படலைச் சாத்திவிட்டு வந்தால் மேய்ப்பவன்கூட வேண்டாம். பிரான்ஸ் தேசத்தில் நார்மண்டிப் பக்கமும் இப்படி உயிர்வேலி கட்டி மாடு மேய்ப்பார்களாம். ஆனால் அங்கே மழைக்குப் பஞ்சமில்லை!

இந்த மாட்டின் அருமை கவலையில் தெரியும். கவலை என்றால் துக்கமல்ல. தோல் பறியைக் கிணற்றில் இறக்கி நீர் இறைப்பது. எருதுகள் சரிவில் இறங்கி நீரைத் தூக்கிவிட்டு, பின்னோக்கியே மேலே ஏற வேண்டும். இனத்தைச் செப்பனிட்ட பெருமையைப் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாருக்குக் கொடுப்பார்கள். கொடுக்கட்டும். பறி தைத்த அருந்ததியர் பெயர்தான் எந்த ஏட்டிலும் இல்லை.

1932-இல் பைக்காரா மின்நிலையம் தொடங்கிற்று. மின்சாரம் கோவை ஆலைகளுக்கும், மெல்ல மெல்லக் கிணறுகளுக்கும் வந்தது. எருதுக்கு வேலை போயிற்று. கவலை ஓட்டிய வீட்டுப் பிள்ளைகள் பலர் பனியன் கம்பெனியில் கூலிக்குச் சேர்ந்து, பிறகு தாமே முதலாளிகளானார்கள். கெட்டிக்காரர்கள்தாம். ஆனால் சாயத் தண்ணீர் நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிற்று. 2011-இல் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது.

எங்களுக்கும் நாலு ஏக்கர் கொறங்காடு இருந்தது. தங்கை கல்யாணத்துக்காக மனையிடமாக விற்றோம். பத்திரத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் விடியற்காலையில் அப்பா அரிவாளோடு போய், வேலியில் நாலு கொம்பு வெட்டி வந்தார்.

"வித்த காட்டுல எதுக்குங்கப்பா கை வெக்கறீங்க?" என்றேன்.

"நெலத்தத்தான கண்ணு எழுதிக் குடுத்தோம்" என்றார்.

புறக்கடையில் ஊன்றிய நாலில் மூன்று துளிர்த்தன. அதற்குள் அங்கே வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்கால் நட்டிருந்தார்கள்.