வழிப்பயணியின் கேமரா: தெரியாமல் எடுத்த படங்களின் வரலாறு

பயணம் போகிற இடத்தில் காணும் மனிதர்களை, அவர்கள் கேமராவுக்காக நின்று முகம் காட்டாத நேரத்தில், தம் போக்கில் இருக்கும்போதே படம் பிடிப்பதைக் ‘கேண்டிட்’ புகைப்படம் என்பர். இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் செய்வதுதான். ஆனால் புகைப்படக்கலை தோன்றிய பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வரை இப்படி ஒரு படம் எடுப்பது மிக அரிதாகவே இயன்றது. எளிதான நாளிலிருந்தே அதைப் பற்றிய சச்சரவும் தொடங்கிவிட்டது. கருவிகளின் வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். படத்தில் அகப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவ்வரலாறு முழுமையாக விளங்கும்.

அசையாமல் நின்ற காலம்

பிரான்சு நாட்டின் லூயி தாகேர் 1838-இல் பாரிஸ் நகரத் தெரு ஒன்றைத் தம் வீட்டுச் சன்னலிலிருந்து படமெடுத்தார். ஆள் நடமாட்டம் மிகுந்த தெரு அது. ஆனால் படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. பல நிமிடங்கள் ஒளி விழுந்தால்தான் தகட்டில் உருவம் பதியும் என்பதால், நடந்தவர்களும் ஓடிய வண்டிகளும் பதியவே இல்லை. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஒருவரின் உருவம் மட்டும் மூலையில் தெரிகிறது. தாம் படத்தில் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரியாமல் எடுக்கப்பட்ட முதல் மனிதர் அவரே எனலாம். அதுவும் தற்செயலாக நேர்ந்ததுதான்.

அதற்குப் பின் வந்த ஈரத்தகட்டு முறையில் நேரம் சில விநாடிகளாகக் குறைந்தது. ஆயினும் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் தாம்சன் 1860-களிலும் 1870-களின் தொடக்கத்திலும் கம்போடியா, சீனா முதலிய நாடுகளில் சுற்றியபோது இருட்டறைக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், கண்ணாடித் தகடுகள் அனைத்தையும் சுமையாட்களைக் கொண்டு தூக்கிச் சென்றார். இத்தனை பரிவாரத்தோடு வருபவர் யாரையும் ஒளிந்திருந்து எடுக்க முடியாது. சீனத்தின் சில ஊர்களில் மக்கள் அவரை மந்திரவாதி என்று அஞ்சினர், படமெடுக்கப்பட்டவர் விரைவில் இறந்துபோவார் என்று நம்பினர், கல்லெறியும் நிகழ்ந்தது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனினும் வேண்டாம் என்று சொல்லவும், விலகிப் போகவும் அன்று அம்மக்களுக்கு அவகாசம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சட்டைப் பொத்தானில் ஒரு கண்

1870-களின் இறுதியில் உலர்தகடுகள் விற்பனைக்கு வந்தன. முன்கூட்டியே மருந்து பூசிய இத்தகட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். ஒரு விநாடியின் சிறு பகுதியிலேயே படம் பதியும். கழுவுவதை வீட்டுக்குப் போன பிறகு வைத்துக்கொள்ளலாம். முக்காலி தேவைப்படாமல் போயிற்று. கேமரா கைக்கு வந்தது. கைக்கு வந்தது மறைக்கவும் பட்டது. 1880-களில் இவற்றுக்குத் ‘துப்பறியும் கேமரா’ என்றே பெயர்.

அவற்றுள் 1886-இல் ஸ்டிர்ன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது வட்டமாக, தட்டையாக, மேற்சட்டைக்குள் மார்பில் தொங்கவிடும்படி இருந்தது. லென்ஸ் பொத்தான் துளை வழியே எட்டிப் பார்க்கும். சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு கயிற்றை இழுத்தால் படம் விழும். ஒரு தகட்டில் ஆறு படங்கள்.

நார்வேயில் கார்ல் ஸ்டோர்மர் என்ற கல்லூரி மாணவர் 1890-களில் இந்தக் கேமராவை மாட்டிக்கொண்டு இன்றைய ஓஸ்லோ நகரின் வீதியில் உலாவினார். எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்வார். அவர் தொப்பியைத் தூக்கிப் புன்னகையோடு பதில் வணக்கம் சொல்லும் கணத்தில் கயிற்றை இழுப்பார். இப்படிச் சில நூறு படங்கள் சேர்ந்தன. நாடக ஆசிரியர் இப்சனும் அவற்றில் அகப்பட்டிருக்கிறார். பிற்காலத்தில் துருவ ஒளி பற்றிய ஆய்வுக்காக உலகப் புகழ் பெற்ற கணித அறிஞர் இவர்தாம். அக்காலப் படநிலையங்களில் விறைத்து நின்றவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஸ்டோர்மரின் படங்களில் 19-ஆம் நூற்றாண்டு மனிதர்கள் சிரிப்பது வியப்பாக இருக்கும். ஆனால் அறிமுகமில்லாத ஒரு பெண்ணின் மேல் கொண்ட மையலால், அவரைப் படமெடுக்க வேண்டியே இந்தக் கேமராவைத் தேடியதாக அவரே முதுமையில் சொல்லியிருக்கிறார். அந்தச் சிரிப்பையும் இந்தக் காரணத்தையும் பிரித்துப் பார்க்க இயலாது.

1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கோடக் கேமரா 25 டாலருக்கு வந்தது. உள்ளே 100 படங்களுக்கான சுருள் இருக்கும். தீர்ந்ததும் கேமராவோடு நிறுவனத்துக்கு அனுப்பினால் படங்களாகத் திரும்பி வரும். 1900-இல் வந்த பிரவுனியின் விலை ஒரு டாலர். இனிச் சுற்றுலாப் பயணி ஒவ்வொருவரும் புகைப்படக்காரர்தாம். கடற்கரையில் குளிப்போரை எடுத்துத் தொல்லை தருவோரைப் பற்றிப் பத்திரிகைகள் எரிச்சலோடு எழுதின. 1890 டிசம்பரில் ஹார்வர்டு சட்ட இதழில் வாரன், பிராண்டைஸ் என்ற இருவர் ‘தனியுரிமை’ பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, நொடியில் எடுக்கும் புகைப்படங்களையும் ஒரு காரணமாகக் காட்டியது. ஜெர்மனியில் 1898-இல் பிஸ்மார்க் இறந்து கிடந்த அறைக்குள் புகுந்து இருவர் படமெடுத்தது பெரும் பிரச்சினையாகி, ஒருவருடைய உருவப்படத்தை வெளியிட அவர் இசைவு வேண்டும் என்ற சட்டம் 1907-இல் வந்தது.

ஹோப்பி மக்களின் முடிவு

கோடக் கேமராவைச் சுமந்த பயணிகளை ஒரு சமூகம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியில் வாழும் ஹோப்பி பழங்குடியினர் நல்ல சான்று. மழை வேண்டி அவர்கள் நடத்தும் பாம்பு நடனம் ஒன்பது நாள் வழிபாடு. இறுதி நாளில் மட்டும் பொது இடத்தில் உயிருள்ள பாம்புகளோடு ஆடுவர். தென்மேற்குப் பகுதிக்கு ரயில் வந்தபின், 1890-களில் இந்த ஒரு நாளைக் காண வெளியூர்க் கூட்டம் திரண்டது. வீட்டுக் கூரைகள் எல்லாம் பார்வையாளர்கள். முன்வரிசைக்கு முண்டியடித்த கேமராக்காரர்களால் ஆடுகளமே நெருக்கடியானது. எடுத்த படங்கள் அஞ்சலட்டைகளாக விற்றன. வழிபாடு செய்தவர்களுக்கோ அது வேடிக்கைக் காட்சி அன்று.

முதலில் கேமராக்காரர்களை ஒரு கோட்டுக்குள் நிறுத்திப் பார்த்தனர். பிறகு, 1910-களில், நடனத்தைப் படமெடுப்பதே தடைசெய்யப்பட்டது. இன்றும் ஹோப்பி ஊர்களின் நுழைவாயிலில் புகைப்படம், ஒலிப்பதிவு மட்டுமன்றிக் கையால் படம் வரைவதும் கூடாது என்ற பலகைகள் நிற்கின்றன. தேவை ஏற்பட்டபோது ஒரு சிறு சமூகம் உலகின் மிகப் பெரிய கேமரா வணிகத்தையும் ஊர் எல்லையில் நிறுத்த முடிந்தது.

அப்படியானால் இசைவு பெற்று நிறுத்திவைத்து எடுத்த படம்தான் நேர்மையானதா? அதே காலத்தில் பழங்குடிகளைப் படமெடுத்த எட்வர்டு கர்ட்டிஸ், ஒரு கூடாரத்துக்குள் இரு பெரியவர்கள் அமர்ந்திருக்கும் படத்தில் நடுவே இருந்த கடிகாரத்தை அச்சில் அழித்துவிட்டார். நவீனப் பொருள் ஏதும் இல்லாத பழங்குடியே அவருக்கு வேண்டியிருந்தது. இந்தியாவில் ஆங்கில அரசு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ‘இந்திய மக்கள்’ என்ற நூலும் மனிதர்களைச் சாதி மாதிரிகளாக நிறுத்திவைத்து எடுத்ததுதான். நிறுத்திவைத்த படம் எடுப்பவரின் கருத்தைக் காட்டும். கேண்டிட் படத்தில் அவர் எதிர்பாராததும் வந்து விழும். வரலாறு படிப்போர் அதை விட்டுவிட முடியாததற்கு இதுவே காரணம்.

லைக்காவும் இந்தியாவும்

கேண்டிட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒளிவுமறைவற்ற என்று பொருள். அது புகைப்படத்துக்கு வந்து சேர்ந்த வழி வேடிக்கையானது. பெர்லினின் எரிச் சாலமன் 1928-இல் தொப்பிக்குள் கேமராவை ஒளித்துவைத்து நீதிமன்றத்தைப் படமெடுத்தவர். பிறகு நாடு நாடாகச் சென்று அரசியல் மாநாடுகளில் தலைவர்கள் கொட்டாவி விடுவதையும் குசுகுசுப்பதையும் பதிவு செய்தார். அவர் படங்களுக்கு 1930 வாக்கில் லண்டன் இதழ் ஒன்று இப்பெயரைச் சூட்டியது. யூதரான அவரை நாஜிகள் 1944-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றனர்.

1925-இல் ஜெர்மனியில் அறிமுகமான லைக்கா கேமரா, சினிமாச் சுருளைக் கொண்டு 36 படங்கள் வரை எடுக்கும், கைக்குள் அடங்கும், ஓசையும் குறைவு. ஹென்றி கார்ட்டியே-பிரெசோன் 1930-களில் இதை வாங்கி, பளபளக்கும் உலோகப் பகுதிகளைக் கருப்பாக மறைத்துக்கொண்டு நாடுகள் சுற்றினார். பிளாஷ் விளக்கை அவர் பயன்படுத்துவதில்லை. தம்மைப் பிறர் படமெடுப்பதை அவர் விரும்பாதவர் என்பதும் சொல்லத்தக்கது.

1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளைச் சந்தித்துவிட்டு அவர் வெளியேறிய சிறிது நேரத்தில் காந்தி சுடப்பட்டார். அன்றிரவு பிர்லா மாளிகையில், அமெரிக்கப் புகைப்படக்காரர் மார்கரெட் பூர்க்-வைட் பிளாஷ் விளக்கோடு படமெடுக்க, துயரில் இருந்தவர்கள் சினந்து அவரை வெளியேற்றிப் பிலிமையும் பறித்தனர். பிரெசோன் கிடைத்த வெளிச்சத்தில் அமைதியாக எடுத்த படங்களை உலகம் கண்டது. 1950-இல் அவர் திருவண்ணாமலைக்கும் வந்தார். ஏப்ரல் 14-இல் ரமண மகரிஷி மறைந்த நாட்களின் ஆசிரமக் காட்சிகள் அவர் கேமராவில் பதிவாகியுள்ளன. விளக்கு வெட்டுவதும் வெட்டாததும் வெறும் தொழில்நுட்ப வேறுபாடன்று. ஆனால் ஓசையின்றி எடுத்ததால் எதிர்ப்பு எழவில்லை என்பதை இசைவாகக் கொள்வதும் சரியாகாது.

இந்த ஐயம் எடுப்பவர்களுக்கே இருந்தது. வாக்கர் எவான்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் எதிர் இருக்கைப் பயணிகளை மேல்கோட்டுக்குள் மறைத்த கேமராவால் எடுத்தார். அவற்றை நூலாக வெளியிட்டது 1966-இல். முகங்கள் மாறும் வரை கால் நூற்றாண்டு அவற்றை வைத்திருந்தார். 

நம் அருகில்

இந்தியாவில் பொது இடத்தில் ஒருவரைப் படமெடுப்பதற்கென்று தனிச்சட்டம் இல்லை. நக்கீரன் இதழ் தொடர்பான 1994-ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், தொந்தரவின்றித் தனித்திருக்கும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்றது. அது படம் பற்றிய வழக்கன்று, வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது பற்றியது, இதழ்தான் வென்றது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தது.

தெளிவான தடை இருக்கும் இடம் அந்தமான். ஜாரவா பழங்குடியினர் சில நூறு பேரே வாழும் காட்டின் வழியே அந்தமான் நெடுஞ்சாலை செல்கிறது. 1990-களின் இறுதியில் அவர்கள் சாலையோரம் வரத் தொடங்கியதும், வண்டிகளிலிருந்து பிஸ்கட், பழம் வீசிப் படமெடுக்கும் வழக்கம் பெருகியது. சாலையின் அப்பகுதியை மூடுமாறு 2002-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும் போக்குவரத்து தொடர்ந்தது. 2012 ஜனவரியில், ஜாரவாப் பெண்களை உணவு காட்டி ஆடவைக்கும் காணொளி லண்டன் செய்தித்தாள் ஒன்றின் வழி வெளியாகி நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவ்வாண்டே, 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை திருத்தப்பட்டு, அவர்களைப் படமெடுப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. இப்போது ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் வண்டிகள் அணியாகச் சேர்க்கப்பட்டு, குறித்த நேரத்தில், காவலர் துணையோடு புறப்படுகின்றன. வழியில் நிறுத்தக்கூடாது, கேமராவையும் கைப்பேசியையும் வெளியே எடுக்கக்கூடாது.