டிஸ்க்கில் போட்ட கோடு

பி.காம் படிக்கிறவனுக்கு ஹார்ட் டிஸ்க் வரலாறு எதுக்குடா என்று வகுப்பில் கேட்பீர்கள். காரணம் எங்க அக்காவின் அரசு லேப்டாப்.

2012-ல் அக்கா பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்தது. இப்போது என் கையில். அப்பாவின் தறிக் கூலிக் கணக்கை அதில்தான் டேலியில் போடுகிறேன். 320 ஜிபி டிஸ்க் (விண்டோஸ் 298 என்றுதான் காட்டும், அது தனிக் கதை). அதில் சி டிரைவ் 50, டி டிரைவ் 200, கடைசியில் பெயரே இல்லாமல் ஒரு 48 ஜிபி. சி நிரம்பி சிவப்பாகிவிட்டது. கடையில் காட்டினால் ஒரே பதில்: "ஃபார்மட் அடிச்சு புதுசா விண்டோஸ் போட்டுடலாம் தம்பி."

இந்த வார்த்தை எங்கள் வீட்டில் அபசகுனம். 2017-ல் ஒரு கடையில் இப்படித்தான் ஃபார்மட் அடித்தார்கள். டெஸ்க்டாப்பில் வைத்திருந்த படங்கள் எல்லாம் போயின. அதில் தாத்தா கடைசியாகத் திருத்தணிக்குக் காவடி எடுத்த ஆடிக் கிருத்திகைப் படங்களும் இருந்தன. டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, கடைக்காரரும் கேட்கவில்லை. அதனால் இந்த முறை முடிவு பண்ணிவிட்டேன், விண்டோஸை அழிக்காமல் இடத்தைச் சேர்க்க வேண்டும். அதற்காகத் தேடப் போய்த்தான் இந்தக் கோடுகளை முதலில் யார் போட்டார்கள் என்ற கதை கிடைத்தது.

1983 மார்ச்சில் ஐபிஎம் நிறுவனம் பிசி எக்ஸ்டி என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதில் 10 எம்பி ஹார்ட் டிஸ்க். இன்று போனில் எடுக்கும் இரண்டு மூன்று போட்டோவுக்கே அது போதாது. ஆனால் அன்று அது பெரிய கிடங்கு. அதோடு வந்த டாஸ் 2.0-வில்தான் எஃப்டிஸ்க் என்ற நிரலும் வந்தது. நோக்கம் இடத்தைக் கூறு போடுவது இல்லை. ஒரே டிஸ்க்கில் டாஸும் வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டமும் சண்டை போடாமல் குடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்குப் போய்விட்டதால் ஹார்ட் டிஸ்க்குக்கு சி.

இந்தக் கோடு எங்கே இருக்கிறது தெரியுமா? டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள். அதில் 446 பைட் கம்ப்யூட்டரைக் கிளப்பும் நிரல், கடைசி 2 பைட் அடையாள முத்திரை. நடுவில் இருக்கும் 64 பைட்தான் பட்டியல். ஒரு பிரிவுக்கு 16 பைட், ஆக மொத்தம் நாலே பிரிவு. எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை என்ற விவரம்தான் அதில் இருக்கும். டிஸ்க்குக்குள் சுவர் எதுவும் கிடையாது.

எங்கள் பக்கத்து ஆளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி, படாஸ்கர் குழு எல்லையைத் தீர்த்து, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. மலையும் முருகன் கோயிலும் அதே இடத்தில்தான் இருந்தன. மாறியது பதிவேடு. பார்ட்டிஷனை டெலீட் செய்தாலும் அப்படித்தான், பட்டியலில் ஒரு வரி அழிகிறது, உள்ளே இருக்கும் கோப்புகள் அப்படியே கிடக்கும், அதன் மேல் வேறு எதையாவது எழுதும்வரை. (2017-ல் இது தெரிந்திருந்தால்! ஆனால் அன்று புது விண்டோஸை அதன் மேலேயே எழுதிவிட்டார்கள்.)

சரி, நாலு டிரைவ், ஐந்து டிரைவ் என்று வெட்டும் பழக்கம் எப்படி வந்தது? கட்டாயத்தால். பழைய டாஸ் ஒரு பிரிவில் 32 எம்பிக்கு மேல் பார்க்காது. டிஸ்க் பெரிதானதும் 1987-ல் டாஸ் 3.3, ஒரு பெரிய பிரிவுக்குள் பல குட்டி டிரைவ்கள் வைத்துக்கொள்ள வழி செய்தது. பிறகு ஃபேட்16-ன் எல்லை 2 ஜிபி ஆனது. அதிலும் ஒரு கொடுமை உண்டு. 2 ஜிபி டிரைவில் மிகச் சிறிய பெட்டியே 32 கேபி. ஒரு கேபி கடிதத்துக்கும் முழுப் பெட்டி. பத்து ரூபாய் வைக்க ஒரு பேங்க் லாக்கர் வாடகைக்கு எடுத்த மாதிரி. சின்னச் சின்ன டிரைவாக வெட்டினால் இந்த நஷ்டம் குறையும். 1996-ல் விண்டோஸ் 95-ன் இரண்டாம் வெளியீட்டோடு ஃபேட்32 வந்த பிறகு அந்தக் கட்டாயம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. சி விண்டோஸுக்கு, டி நமக்கு என்பது கடைக்காரர்களின் வேதமாகிவிட்டது.

வெட்டுவது சுலபம், சேர்ப்பதுதான் பாடு. எஃப்டிஸ்க்கில் அளவை மாற்ற ஒரே வழி எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. 1990களில் பவர்க்வெஸ்ட் என்ற நிறுவனத்தின் பார்ட்டிஷன் மேஜிக்தான் இதை மாற்றியது. உள்ளே இருப்பதைக் கலைக்காமல் கோட்டை நகர்த்தும். பெயரில் மேஜிக் என்று வைத்ததில் தப்பே இல்லை. 2003-ல் சைமன்டெக் அந்த நிறுவனத்தை வாங்கியது, 8-ம் பதிப்போடு மேஜிக் நின்றுபோனது. அதற்குள் லினக்ஸ்காரர்கள் பார்ட்டட் என்ற இலவச நிரலை வளர்த்திருந்தார்கள், 2004-ல் அதற்குப் படம் பார்த்து வேலை செய்யும் முகமாக ஜிபார்ட்டட் வந்தது. விண்டோஸுக்குள்ளேயே சுருக்கு, நீட்டு என்ற பட்டன்கள் வந்தது 2007-ல், விஸ்டாவில். அதிலும் ஒரு நிபந்தனை: காலி இடம் உடனே வலது பக்கத்தில் ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் இன்னொரு டிரைவ் இருந்தால் பட்டன் மங்கிப்போய் நிற்கும்.

இப்போது அந்தப் பெயரில்லாத 48 ஜிபி. 2011 செப்டம்பர் 15-ல் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்துக்கு எல்காட் வாங்கிக் கொடுத்த மெஷின்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கியது, தமிழிலும் வேலை செய்யும். ஒரே டிஸ்க்கில் இரண்டு குடித்தனம், 1983-ல் நினைத்தது அதேதான். ஆனால் எங்கள் பக்கம் பாஸை யாரும் சொல்லித்தரவில்லை. இடத்தை அடைக்கிறது என்று அக்காவின் தோழிகள் விண்டோஸிலிருந்தே அந்தப் பிரிவை டெலீட் செய்தார்கள். அடுத்த முறை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் கிரப் ரெஸ்கியூ என்று இரண்டு சொல், விண்டோஸும் வராது. லேப்டாப்பைக் கிளப்பும் கிரப் நிரலின் பாதி அந்த அழித்த பிரிவுக்குள் இருந்ததுதான் காரணம். விண்டோஸ் டிவிடியைப் போட்டு முதல் 446 பைட்டை மட்டும் சரிசெய்தால் ஐந்து நிமிட வேலை. பலருக்கு அது ஃபார்மட்டில் போய் முடிந்தது. எங்கள் மெஷினில் 2017 ஃபார்மட் கிரப்பை அழித்துவிட்டதால் அந்த ஆபத்து இல்லை, பாஸ் மட்டும் கதவில்லாத அறை மாதிரி உள்ளேயே இருந்தது.

நண்பனிடம் 500 ஜிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் கடன் வாங்கி முதலில் எல்லாவற்றையும் காப்பி எடுத்தேன். இதைச் செய்யாமல் யாரும் கை வைக்காதீர்கள். பிறகு பென் டிரைவிலிருந்து ஜிபார்ட்டட்டைக் கிளப்பினேன். அழிப்பதற்கு முன் அந்த 48 ஜிபியைத் திறந்து பார்த்தேன். விண்டோஸுக்குத் தெரியாதது இதற்குத் தெரிந்தது. அக்கா தமிழில் தட்டிய வணிகவியல் குறிப்புகள், சில பாட்டுகள், பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த 11 படங்கள். தாத்தா படம் இல்லை. இருந்ததை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பாஸை அழித்து, டி டிரைவை 48 ஜிபி வலப்பக்கம் நகர்த்தி, சி-யை நீட்ட வேண்டும். நகர்த்துவதுதான் நேரம், 200 ஜிபியையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கிறது. நடுவில் கரண்ட் போனால் டி டிரைவ் பாதி அங்கே பாதி இங்கே. லேப்டாப் பேட்டரி செத்து வருஷமாகிறது. பக்கத்து வீட்டு அத்தையின் இன்வெர்ட்டரில் செருகிவிட்டு ஆறு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். "என்னடா, பிள்ளைக்கு ஜுரமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

சி இப்போது 98 ஜிபி. முதல் முறை விண்டோஸ் கிளம்பும்போது தானாக டிஸ்க்கைச் சரிபார்த்தது, பயந்து எழுந்து நின்றுவிட்டேன். பிறகு டேலி திறந்தது, தறிக் கணக்கு வரி மாறாமல் இருந்தது. ராத்திரி அந்த 11 படங்களையும் அக்காவுக்கு அனுப்பினேன். "இதெல்லாம் போயிடுச்சுன்னு நினைச்சேன்டா" என்று பதில் வந்தது.