அணைத்து வைத்த காவல்

பெங்களூரு தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோவிலைப் பெயரை வைத்துச் சிவன் கோவில் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. உள்ளே இருப்பவர் பெருமாள். கல்வெட்டுகளில் அவர் சொக்கப்பெருமாள். பதின்மூன்றாம் நூற்றாண்டில், ஹொய்சள வீர ராமநாதன் காலத்தில் விடப்பட்ட கொடைகள் இங்கே தமிழில் வெட்டப்பட்டிருக்கின்றன; ஊருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று இன்னொரு பெயரும் அவற்றில் வருகிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இந்தக் கோவிலுக்குப் பின்தெருவில் வாடகைக்கு இருப்பவன் நான். கம்பெனிகளின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது தொழில். யார் யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு பொன் என்பதைக் கல்லிலேயே எழுதி வைத்த ஊரில், எங்கள் தொழிலின் ஒரு பழக்கத்தை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. புது சர்வர் வந்ததும் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்புக் காவலை அணைத்துவிடுவதுதான் அந்தப் பழக்கம்.

எழுதி வைக்கவில்லை என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. நான் முதலில் வேலை பார்த்த கம்பெனியில் (பெயர் வேண்டாம்) சர்வர் அறைக் கதவின் உள்பக்கம் ஒரு செக்லிஸ்ட் ஒட்டியிருந்தது. ஐபி முகவரி, சர்வர் பெயர், அதற்கு அடுத்த வரி எஸ்இலினக்ஸ் டிசேபிள்ட். ஏன் என்று கேட்டதற்கு ஷிஃப்ட் பொறுப்பில் இருந்த சேலத்துக்காரர் சொன்னார்: "தம்பி, அது இருந்தா எதுவும் ஓடாது. கிளையன்ட் காத்துக்கிட்டு இருக்கான்." அவருக்கு முன்னால் இருந்தவர் அவருக்குச் சொன்னது அதுதான்.

இந்தப் பழக்கம் எங்கே அதிகம் உறுத்தியது என்றால், விபிஎன் ஓடிய சர்வர்களில்தான்.

பெங்களூரு வெளிநாட்டுக்கு வேலை செய்யத் தொடங்கியபோது முதல் சிக்கலே வழி கிடைப்பதுதான். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே வந்தபோது, அமெரிக்க அலுவலகத்தோடு தொடர்புகொள்ளச் செயற்கைக்கோள் இணைப்பு தேவைப்பட்டது. வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. தனியார் நிறுவனங்களுக்கு இணைய சேவை உரிமம் 1998 வாக்கில் திறந்தது. தனி லீஸ்டு லைனுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைச் செலவழித்து, பொது இணையத்தின் மேலேயே விபிஎன் என்ற மறைகுறியிட்ட தடம் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்பது அதற்குப் பிறகு எல்லோருக்கும் புரிந்தது. சட்டம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அனுமதி வாங்காமல் 40 பிட்டுக்கு மேல் சாவி கூடாது என்றது இணைய சேவை உரிமம். இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்று 2001இல் பரிந்துரைத்தது ரிசர்வ் வங்கி. இரண்டையும் ஒரே நேரத்தில் கடைப்பிடிப்பது எப்படி என்று எங்களை யாரும் கேட்கவில்லை, நாங்களும் யாரையும் கேட்கவில்லை. மறைகுறியீட்டுச் சட்டங்களைப் பற்றிப் பின்னாளில் பொறுமையாக எழுதியவர்களில் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டியும் ஒன்று. அதன் அலுவலகம் எங்கள் தொம்மலூர் இரண்டாம் ஸ்டேஜிலேயே இருந்தது.

அதே 2001இல்தான் ஜேம்ஸ் யோனான் ஓபன்விபிஎன்னை வெளியிட்டார். மத்திய ஆசியாவில் பயணம் செய்துகொண்டே வேலை பார்த்தபோது, தன் தகவல்கள் யார் யாருடைய கம்பிகள் வழியாகவோ போகின்றனவே என்ற கவலையில் பிறந்தது அது. இலவசம், கட்டமைப்பது எளிது, லினக்ஸில் நன்றாக ஓடும். தொம்மலூருக்கும் கோரமங்கலாவுக்கும் நடுவே எம்பஸி கோல்ஃப் லிங்க்ஸ் வளாகம் எழும்பி, ஐபிஎம், கோல்ட்மேன் சாக்ஸ் போன்றவை அங்கே குடிவந்தன. பெரிய கம்பெனிகள் சிஸ்கோ பெட்டி வாங்கிக்கொண்டன. அவற்றுக்கு வேலை எடுத்துச் செய்த, இரண்டு மாடிக் கட்டடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்த சின்னக் கம்பெனிகளுக்கு ஓபன்விபிஎன்தான் கைகொடுத்தது.

அந்த நிரல் என்ன செய்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தொடங்கும்போது அது ரூட்டாக ஓடுகிறது. டன் என்ற பொய் நெட்வொர்க் கருவியைத் திறக்கிறது. கணினியின் ரூட்டிங் அட்டவணையை மாற்றி எழுதுகிறது. நிறுவனத்தின் ரகசியச் சாவியைப் படிக்கிறது. முகம் தெரியாத இணையத்திலிருந்து வரும் பாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்க்கிறது. இணைப்பு ஏறியதும் இந்த ஸ்கிரிப்ட்டை ஓட்டு என்று கான்ஃபிக் கோப்பில் எழுதியிருந்தால் அதையும் ஓட்டுகிறது. யாரோ மின்னஞ்சலில் அனுப்பிய கான்ஃபிக் கோப்பை அப்படியே போட்டு இணைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று நம் ஊரில் கேட்பார்கள். விபிஎன் கிளையன்ட் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் தயாராகவே இருந்தது.

பழைய யூனிக்ஸ் முறையில் ஒரு கோப்பை யார் தொடலாம் என்பதை அதன் உடைமையாளர் தீர்மானிப்பார். ரூட்டுக்கு எந்தத் தடையும் இல்லை. ரூட்டாக ஓடும் நிரல் கெட்டால் எல்லாம் போச்சு. இதற்கு மாற்றாக, உடைமையாளரோ ரூட்டோ மீற முடியாத விதியைக் கெர்னலே அமல்படுத்த வேண்டும் என்ற யோசனை அமெரிக்க விமானப் படைக்காகச் செய்யப்பட்ட ஆய்வுகளில் 1970களிலேயே வந்துவிட்டது. கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்று அதற்குப் பெயர். லினக்ஸுக்கு அதைக் கொண்டுவந்தது, சொன்னால் பலர் நம்பமாட்டார்கள், ஒட்டுக்கேட்பதற்கே பெயர்போன அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. 2000 டிசம்பரில் எஸ்இலினக்ஸ் நிரல்மூலத்தை அது பொதுவில் வைத்தது. மறுவருடம் அதை நேராகக் கெர்னலில் சேர்க்க லினஸ் டோர்வால்ட்ஸ் சம்மதிக்கவில்லை. யாருடைய பாதுகாப்பு முறையையும் பொருத்திக்கொள்ளக்கூடிய பொதுச் சட்டகமாக இருக்கட்டும் என்றார். அப்படி உருவான சட்டகத்தோடு 2003இல் 2.6 கெர்னலுக்குள் வந்தது எஸ்இலினக்ஸ். போட்டியாக இருந்த ஆப்ஆர்மரை உருவாக்கிய இம்யூனிக்ஸ் கம்பெனியை 2005இல் நோவெல் வாங்கியது. எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு கோப்பிலும் ஒட்டிய முத்திரையை வைத்து விதி எழுதும். ஆப்ஆர்மர் கோப்பின் பாதையை வைத்து எழுதும்; படிக்க எளிது. ஆப்ஆர்மருக்குக் கெர்னலில் இடம் கிடைக்க 2010 ஆயிற்று.

2005இல் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 4இல் பத்துப் பதினைந்து சேவைகளுக்குத்தான் விதி இருந்தது. 2007இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அது இருநூறைத் தாண்டியது. அந்த வரிசையில் ஓபன்விபிஎன்னுக்கும் தனி வகை ஒன்று எழுதப்பட்டிருந்தது. எட்சி அடைவில் தனக்குரிய முத்திரை உள்ள கோப்புகளை அது படிக்கலாம். டன் கருவியைத் திறக்கலாம். தனக்கென ஒதுக்கிய 1194 போன்ற போர்ட்டுகளில் பேசலாம். ரூட்டாகவே ஓடினாலும் பாஸ்வேர்டுகள் இருக்கும் ஷேடோ கோப்பு அதற்குக் கிடையாது. இந்த விதி சர்வரோடு இலவசமாகவே வந்தது. காசு கொடுத்து வாங்கியிருந்தால் ஒருவேளை மதித்திருப்போமோ என்னவோ.

மதிக்காததற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். ரூட்டின் வீட்டு அடைவில் உட்கார்ந்து ஒருவர் சாவியும் சான்றிதழும் உருவாக்குவார். எம்வி கட்டளையால் அவற்றை ஓபன்விபிஎன் அடைவுக்கு நகர்த்துவார். பாதை சரி, அனுமதி எண் 600, உடைமையாளர் ரூட். பார்க்க எல்லாம் ஒழுங்கு. சேவையைத் தொடங்கினால் சாவியைப் படிக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடும். எம்வியில் கோப்பு நகரும்போது பழைய முத்திரையும் கூடவே வந்துவிடுவதுதான் காரணம். அது இன்னும் ரூட்டின் வீட்டுக் கோப்பு என்றே கெர்னல் நினைக்கும். சிபியால் நகல் எடுத்திருந்தால் புது அடைவின் முத்திரை ஒட்டியிருக்கும், எந்தத் தகராறும் இல்லை. ஆடிட் பதிவேட்டில் 'டினைட்' என்று ஒரு நீள வரி இருக்கும். எந்த நிரல், எந்தக் கோப்பு, எந்த முத்திரை என்று மூன்றும் அதிலேயே இருக்கும். ரெஸ்டோர்கான் என்று ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, நியூ ஜெர்சியிலிருந்து ஃபோனில் ஒருவர் காத்திருக்கும்போது, அந்த வரியை உட்கார்ந்து படிப்பவர் யார்? "செட்என்ஃபோர்ஸ் ஜீரோ போட்டுப் பாரு." காவலைத் தளர்த்தும் கட்டளை அது. போட்டால் ஓடும். ஓடினால் டிக்கெட் மூடப்படும்.

போர்ட் எண் விஷயமும் இதே கதைதான். 1194ஐ விட்டு நம் இஷ்டத்துக்கு ஒரு எண் வைத்தால், அதை விதியில் சேர்க்க செமேனேஜ் கட்டளை வேண்டும். ரெட் ஹேட்டின் இலவச வடிவமான செண்ட்ஓஎஸ் 6, 7 காலத்தில் குறைந்தபட்ச நிறுவலில் அந்தக் கட்டளையே இருக்காது. அது எந்தப் பொதியில் இருக்கிறது என்று தேடிப்பிடித்து நிறுவ வேண்டும். பூட்டைத் தந்து சாவியை வேறு கடையில் வைத்தது ரெட் ஹேட்டின் தப்பு. அதை நான் எங்கேயும் சொல்வேன்.

விதியை எழுதியவர்களும் கொஞ்சம் இளக்கம் காட்டியிருந்தார்கள். ஓபன்விபிஎன் அடைவுக்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்ற உள்ளடைவில் வைத்த ஸ்கிரிப்ட் எதுவும் கட்டுப்பாடு இல்லாமலே ஓடும். ஒவ்வொரு கம்பெனியும் ஸ்கிரிப்ட்டில் என்னென்னவோ செய்யும், அதற்கெல்லாம் விதி எழுத முடியாது என்பது அவர்கள் நியாயம். 2014 இரண்டு அடி கொடுத்தது. ஏப்ரலில் வந்த ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை, நிரலின் நினைவகத்தையே கசியவிட்டது; சாவி அந்த நினைவகத்தில்தான் இருக்கும் என்பதால் எஸ்இலினக்ஸால் அங்கே பெரிதாக எதுவும் செய்ய முடியாது. செப்டம்பரில் பாஷில் ஷெல்ஷாக் என்ற ஓட்டை. பயனர் பெயரைச் சரிபார்க்க பாஷ் ஸ்கிரிப்ட் வைத்திருந்த ஓபன்விபிஎன் சர்வர்களில், உள்ளே நுழையும் முன்பே கட்டளை ஓட்ட அது வழி திறந்தது. ஸ்கிரிப்ட் எந்த அடைவில், எந்த முத்திரையோடு இருந்தது என்பது அன்றைக்குத்தான் சிலருக்கு உறைத்தது.

பிறகு வந்தது 2020. அதுவரை கால் சென்டர் ஊழியரை வீட்டிலிருந்து வேலை பார்க்க வைக்கத் தொலைத்தொடர்புத் துறையிடம் ஒரு கோடி ரூபாய் வைப்புத்தொகை, குறிப்பிட்ட இடத்திலிருந்து மட்டும் இணையும் தனி விபிஎன் என்று ஏகப்பட்ட நிபந்தனை இருந்தது. மார்ச் 13 அன்று அவற்றைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். நவம்பர் 5 அன்று வந்த புது வழிகாட்டுதல்களில் பதிவும் வைப்புத்தொகையும் ஒரேயடியாகப் போயின. ஊரடங்குக்கு முந்தின நாட்களில் தொம்மலூர் மேம்பாலத்துக்கு அடியில் ஸ்கூட்டரில் மானிட்டரைக் கட்டிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த வீட்டுக் கணினியில் எந்த நிரல் சாவியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. 2022 ஏப்ரல் 28 அன்று அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, விபிஎன் சேவை விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்றது. நிறுவனங்களின் உள் விபிஎன்னுக்கு இது பொருந்தாது என்று பின்னர் விளக்கம் வந்தது. யார் இணைந்தார்கள் என்பதில் அரசுக்கு இருக்கும் அக்கறை, இணைக்கும் நிரல் எதையெல்லாம் தொடலாம் என்பதில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், சர்வரில் நாங்கள் அணைத்துக்கொண்டிருந்த அதே காவல் எங்கள் சட்டைப் பையில் ஓடிக்கொண்டிருந்தது. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல் எஸ்இலினக்ஸ் முழு அமலில் இருக்கிறது. ஃபோனில் எந்த விபிஎன் செயலியும் டன் கருவியைத் தானாகத் திறக்க முடியாது. சிஸ்டம் திறந்து கையில் கொடுத்தால்தான் உண்டு. பயனர் அணைக்க அங்கே பொத்தான் இல்லை. அதனால் யாரும் அணைக்கவில்லை, யாருக்கும் எதுவும் நின்றும் போகவில்லை. ரெட் ஹேட்டின் ஒன்பதாம் பதிப்பிலும் பழைய கான்ஃபிக் வரியால் முழுதாக அணைக்க முடியாதபடி ஆக்கிவிட்டார்கள். கெர்னலைத் தொடங்கும்போதே சொன்னால்தான் அணையும்.

இதைப் படிக்கும் அட்மின் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். கெட்என்ஃபோர்ஸ் அடித்து, எஸ்இலினக்ஸ் அமலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிஎஸ் கட்டளையோடு பெரிய இசட் சேர்த்து, உங்கள் விபிஎன் எந்த வகையில் ஓடுகிறது என்றும் பாருங்கள். அவசரத்துக்குத் தளர்த்தியே ஆக வேண்டும் என்றால் முழு சர்வரையும் திறந்துவிட வேண்டாம். செமேனேஜ் பெர்மிசிவ் கட்டளையால் ஓபன்விபிஎன் வகையை மட்டும் தளர்த்த முடியும். பதிவேட்டைப் படித்து முத்திரையைச் சரிசெய்துவிட்டு அந்தத் தளர்வை எடுத்துவிடுங்கள். எடுக்க வேண்டிய தேதியை டிக்கெட்டிலேயே எழுதி வையுங்கள்.