பெயரறியா நஞ்சு

1964ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் பல்கலைக் கழக இரசாயன அறிஞர் சோரன் யென்சன், மீன்களிலும் கழுகிலும் டி.டி.டி. என்னும் பூச்சிமருந்தின் எச்சத்தைத் தேடினார். கருவி வரைந்த கோட்டில் இனந்தெரியாத வேறு முகடுகளும் எழுந்தன. பிழையென்று அவற்றை அவர் தள்ளிவிடவில்லை. அரும்பொருட்சாலையிலிருந்த பழைய கழுகிறகுகளைச் சோதித்தார். டி.டி.டி. பரவுமுன் சேர்த்த இறகுகளிலும் அப்பொருள் இருந்தது! ஆதலின், அஃது அம்மருந்தின் எச்சமன்று எனத் தெளிந்தார்.

ஈராண்டு உழைப்பின் பின், 1966இல் அதன் பெயரை அறிவித்தார்: பி.சி.பி. மின்மாற்றி எண்ணெயிலும் வர்ணங்களிலும் கலந்து உலகெங்கும் பயன்பட்ட பொருள் அது. தம் குடும்பத்தார் தலைமயிரிலும் அதனைக் கண்டார். 2001இல் அவர் நகரிலேயே கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, ஒழிக்கவேண்டிய நஞ்சுகளுள் அதனையும் சேர்த்தது.

விளங்காத ஒன்றை விளங்கும்வரை விடாதிருந்ததே யென்சன் உலகுக்குச் செய்த தொண்டு.