ஊவாவில் ஓர் உணவு மேசை

கணவனும் மனைவியும் சிறந்ததோர் உணவு விடுதிக்குச் சென்று, ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து, பிறர் பரிமாற உண்பது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. ஆயினும் மனித வரலாற்றில் இவ்வழக்கம் மிகவும் இளையது. ஊவா மாகாணத்தின் கதையைப் புரட்டிப் பார்த்தால் இவ்வுண்மை நன்கு புலப்படும்.

இன்றைய மொனராகலை மாவட்டத்தின் பெரும்பகுதி முன்னாளில் வெல்லச என வழங்கப்பட்டது. நூறாயிரம் வயல்கள் என்பது அப்பெயரின் பொருள். நெல்வளம் மிக்க அந்நாடு கண்டி அரசுக்கு உட்பட்டிருந்தது. 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டில் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட தம் நூலில் அக்கால உணவுமுறையைக் குறித்துள்ளார். கணவன் உண்ணும்பொழுது மனைவி அருகிருந்து பரிமாறுவாள்; அவன் உண்டு முடித்த பின்னரே தான் உண்ண அமர்வாள். தமிழர் இல்லங்களிலும் இதுவே நெடுங்கால வழக்கம். வழிப்போக்கருக்கு அம்பலங்கள் இருந்தன. அவை இளைப்பாறும் இடங்களேயன்றி விருந்து மண்டபங்கள் அல்ல.

மேனாட்டிலேனும் இவ்வழக்கம் பழைமையானதோ எனின், அன்று. பாரிஸ் நகரில் உணவு விடுதிகள் தோன்றியது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். இலண்டனில் குடும்பப் பெண்கள் இரவில் பொதுவிடத்தில் உண்பது அதன் பின்னரும் நெடுங்காலம் தகாததெனவே கருதப்பட்டது. 1889இல் திறக்கப்பட்ட சவோய் விடுதியில், நிருவாகி சேசர் ரிட்ஸும் சமையற்கலைஞர் எஸ்கொஃபியேயும் அந்நிலையை மாற்ற முனைந்தனர். கணவருடன் சென்று அங்கு உண்பது சீமாட்டிகளுக்கும் கௌரவமாயிற்று.

அதே காலத்தில் ஊவா மலைகளிலும் மாற்றம் விரைந்து நிகழ்ந்தது. 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் எட்டியது. பண்டாரவளையில் 1893ஆம் ஆண்டளவில் தோன்றிய விடுதி தோட்டத் துரைமார் கூடும் இடமாக விளங்கியது. வெள்ளை விரிப்பிட்ட மேசையில் துரையும் துரைசாணியும் எதிரெதிரே அமர்ந்தனர். வாடிவீடுகளிலும் அத்தகைய மேசைகள் இடப்பட்டன.

அம்மேசைக்கு வந்த தேநீரின் கொழுந்தைக் கிள்ளியவர் யார்? தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். அவர்கள் விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டுப் பிரட்டுக்களத்திற்கு ஓடினர். மாலையில் மலையிறங்கியதும் மீண்டும் அடுப்பின்முன் அமர்ந்தனர். கணவன் உண்டபின், பிள்ளைகள் உண்டபின், எஞ்சியதே அவர்களின் பங்கு. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான லயத்து அறையில் ஒரு மேசை இடுவதற்கு இடமேது? இஸ்தோப்பிலும் தரையிலும் தட்டை வைத்தே உண்டனர்.

ஆணும் பெண்ணும் சமமாக அமரும் மேசைக்குப் பின்னால் வேறு சமத்துவங்கள் இருத்தல் வேண்டும். 1931இல் இலங்கையில் வயது வந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. தோட்டத் தமிழருள் பலரும் அதனைப் பெற்றனர். ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எழுந்து, குடும்பங்கள் பல கடல் கடந்து பிரிந்தன. எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. தோட்டங்களில் ஒரு நாள் உழைப்புக்கு ஆணுக்கு நிகரான கூலி பெண்ணுக்குக் கிடைத்ததும் 1984இல்தான்.

இன்று பண்டாரவளை விடுதியின் வாயிலில் இனம் கேட்பார் எவருமிலர். பணம் மட்டுமே கேட்கப்படுகிறது. அது சிறிய தடையன்று. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்கூலி 2021இல்தான் 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. கொழுந்து கிள்ளியவள் கணவனுடன் அங்குச் சென்று, ஒரு முறையேனும் பிறர் பரிமாற உண்ணும் நாள் பலருக்கு இன்னும் தொலைவிலேயே உள்ளது.

ஆயினும் அந்நாளுக்காகக் காத்திராது செய்யத்தக்கது ஒன்றுண்டு. பகலெல்லாம் உழைத்துத் திரும்பிய மனைவியைத் தன்னோடு அமரச் செய்து, அவள் தட்டில் முதல் அகப்பைச் சோற்றைக் கணவன் இடுவானாயின், அதற்கு வெள்ளை விரிப்பும் வேண்டுவதில்லை, மேசையும் வேண்டுவதில்லை.